தண்ணிப் பக்கத்துச் சாக்லேட் அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கால் ஒடிந்த கட்டில்களைப் போட்டுவைக்கும் அறை, இன்னொரு பக்கம் பிணவறை. வழி தப்பிக்கூட ஒருத்தர் எங்களைப் பார்க்க வருவதில்லை. மேல்மாடிக்காரர்களுக்கு நாங்கள் வெறும் தொலைபேசி. அது அடித்தால் "தலையணை உறையில பித்தான் இல்லை", "கறை போகவே இல்லை", "ஆபரேஷன் பச்சைத் துணி இன்னும் வரலை" என்று ஏதாவது ஒரு புகார் வரும். நல்லா இருக்கீங்களா என்று அந்தத் தொலைபேசியில் ஒரு குரலும் கேட்டதில்லை. நான் அங்கே தையல்காரன். கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பது என் வேலை. எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். நல்ல துணியை இவர்கள் எப்படிக் கிழித்து அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்கும் உட்காரும்.

சலவைக்கூடத்துக்குள் இரண்டு உலகம். உள்ளே நுழைந்ததும் தண்ணிப் பக்கம். அழுக்குத் துணியைப் பிரிப்பது, ஊறவைப்பது, பெரிய மெஷினில் போட்டு எடுப்பது எல்லாம் அங்கே. தரை எப்போதும் ஈரம், காற்றில் பிளீச் நெடி. அதைத் தாண்டினால் மடிப்புப் பக்கம். ஸ்டீம் பிரஸ், நீளமான மேசை, அலமாரி, மூலையில் என் தையல் மெஷின். அங்கே உட்கார நாற்காலி உண்டு. தண்ணிப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடை நனையும், அதனால் யாரும் உட்காருவதில்லை.

சாக்லேட் அக்கா சேர்ந்த நாளிலிருந்து தண்ணிப் பக்கம்தான். எனக்கு அவரைவிட வயசு கூட. ஆனாலும் ஊரே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் பெயர் சொல்லி என்ன சாதிக்கப்போகிறேன்? அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் வேலை முடிந்ததும் சுவரில் சாய்ந்து, செருப்பைத் தேடக் குனிவதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவார். அவர் வாயிலிருந்து வரும் நீளமான வாக்கியம் பெரும்பாலும் அதுதான்.

சாக்லேட் எப்படி ஆரம்பித்தது என்றால், வெகு காலத்துக்கு முன் ஒரு வருஷக் கடைசியில் குழந்தைகள் வார்டு நர்ஸ் ஒருத்தி, விரிப்பில் ஏதோ கறை இருந்ததற்காக அக்காவைத் தொலைபேசியில் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டாள். அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மறுநாள் அந்த வார்டுக்குப் போன துணி வண்டியில், வெளுத்த விரிப்புகளுக்கு மேலே ஒரு டப்பா நிறைய வீட்டில் செய்த சாக்லேட் இருந்தது. நானாக இருந்தால் வேறு எதையாவது வைத்திருப்பேன். அன்றைக்கு மதியமே அந்த நர்ஸ் படியிறங்கி வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இங்க யாருங்க சாக்லேட் செஞ்சது?" என்று கேட்டாள். மேலேயிருந்து ஒரு மனுஷி கீழே வந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவை எங்களுக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம்.

ஆனால் கொடுத்த பொருளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதல் வருஷம் அது அன்பளிப்பு, அடுத்த வருஷம் வழக்கம், அதற்கும் அடுத்த வருஷம் உரிமை. குழந்தைகள் வார்டுக்குப் போனதைப் பார்த்துப் பிரசவ வார்டு கேட்டது. பிறகு சமையல்கூடம், வாசல் காவலர்கள், எக்ஸ்ரே அறை. வருஷக் கடைசி விடுமுறை நெருங்கினால் தொலைபேசியில் குழைந்த குரல்கள் வர ஆரம்பிக்கும். "அக்கா, போன வருஷம் எங்களுக்குப் பாதாம் போட்டது வரவே இல்லை, கவனிச்சுக்குங்க" என்று எக்ஸ்ரேக்காரர் ஒருமுறை கூசாமல் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வெள்ளைக் கோட்டின் கையைத் தைத்து மூடியிருப்பேன்.

அக்கா வீட்டுக் கதை எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் வீட்டுக்காரர், மின்விசிறி பழுதுபார்க்கும் மனுஷன், வெற்றிலைபாக்கு வைத்து அழைத்தாலும் வாயைத் திறக்காதவர் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்துவிட்டார். சாக்லேட் செய்கிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அடுப்பில் வேறு எதுவும் ஏறாதாம். காலையிலேயே குடித்துவைத்தால்தான் காபி. குளியலறை சமையலறைக்கு அடுத்த கதவு என்பதால் வெந்நீர்க் குளியலும் கிடையாது.

"ஒரு பொட்டுத் தண்ணி விழுந்தாலும் மொத்தமும் திப்பிதிப்பியா இறுகிப்போகுமாம் டெய்லரே. ஆவிகூட ஆகாதாம். நான் மூச்சு விடுறதைக்கூட சன்னல் பக்கம் திரும்பி விடணும்" என்றார்.

கட்டிச் சாக்லேட்டைச் சுத்தியலால் உடைப்பது அவர் வேலை. அச்சிலிருந்து எடுத்ததை ஜிகினாத் தாளில் சுற்றுவது மகள் வேலை. அவள் ஒரு அலுவலகத்தில் நாளெல்லாம் தொலைபேசி எடுக்கிறவள், சுற்றிக்கொண்டே தூங்கிவிடுவாள். உருக்குவது மட்டும் அக்கா. பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதன்மேல் துடைத்துக் காய்ந்த கிண்ணம். உருகியதில் இன்னும் கொஞ்சம் துண்டுகளைப் போட்டு, சூடு தணியும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சரியான பதம் வந்ததா என்று மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அக்கா துளி எடுத்துக் கீழுதட்டில் வைத்துப் பார்ப்பார்.

"விரல்ல அவளுக்குச் சூடு குளிர்ச்சி தெரியறதில்லை. ரொம்ப நாளா" என்றார் அவர். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

பிளீச்சும் சோப்பும் ஈரமும் சேர்ந்து அந்தக் கையை அப்படி ஆக்கியிருந்தன. விரல் மடிப்புகளில் வெடிப்பு, வெடிப்புக்குள் சிவப்பு. கையுறை போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் மோசம். எங்கள் ஆஸ்பத்திரித் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காவிட்டால் கொஞ்ச காலத்தில் விரல் மடங்காது என்று சொல்லிவிட்டார். இதையும் அக்கா எங்களிடம் சொல்லவில்லை. முன்பிருந்த சூப்பர்வைசர்கள் இரண்டு பேரிடம் வாய்வார்த்தையாக மாற்றம் கேட்டிருக்கிறார். "பார்க்கலாம்" என்றார்கள். பார்க்கவில்லை. இந்த வருஷம் மடிப்புப் பக்கத்தில் ஒருத்தர் ஓய்வுபெறப் போகிறார், அந்த நாற்காலி காலியாகிறது என்று தெரிந்ததும் புது சூப்பர்வைசரிடம் எழுதியே கொடுத்துவிட்டார்.

புது சூப்பர்வைசர் ஒரு மாதிரி. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது. விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அக்காவிடம் ஒன்று சொன்னார்.

"வருஷக் கடைசியில நீங்க எல்லாருக்கும் ஏதோ கொடுப்பீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் கொடுக்காதீங்க. விண்ணப்பம் போட்டவங்ககிட்ட நான் ஒரு டீகூட வாங்கறதில்லை. முன்னாடி இருந்த இடத்துல ஒரு டப்பாவை வாங்கிட்டுப் பட்ட பாடு போதும். உங்க பேருல ஒரு துண்டு வந்தாலும் இந்த விண்ணப்பத்தை ஓரமா வெச்சுடுவேன்."

இது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். தெரியாததால் நாங்கள் அடித்த கூத்தை நீங்கள் சரியான கோபத்தோடு படிக்க வேண்டும்.

அக்கா யோசித்திருக்கிறார். அவரே வேண்டாமென்று சொல்லியிருந்தாலும், எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அவருக்கு மட்டும் கொடுக்காமலிருந்தால் அது முகத்தில் அடித்த மாதிரி. அதனால் இந்த வருஷம் யாருக்குமே இல்லை என்று முடிவு கட்டினார். ஏன் என்று சொல்லவில்லை. தான் அந்த ஈரத்திலிருந்து நகர்ந்தால் எங்களில் வேறு ஒருத்தர் அங்கே நிற்க வேண்டும். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

மதியச் சாப்பாட்டின்போது டப்பாவை மூடிக்கொண்டே, "இந்த வருஷம் சாக்லேட் கிடையாதுப்பா. முடியலை" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

அக்கா கதவைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, ஸ்டீம் பிரஸ்ஸில் நிற்கும் இஸ்திரிக்காரம்மா மேசையைத் தட்டினாள். அவள் குரலுக்கு மெஷினே அடங்கும்.

"அக்கா கையைப் பார்த்தீங்களா? நேத்து விரிப்புல ரத்தம். நோயாளி ரத்தம்னு நெனச்சேன், அக்கா ரத்தம். அதான் முடியலைங்கறாங்க. ஒரு வருஷம் நாம செஞ்சு அவங்க பேருல அனுப்பினா என்ன? கை வெச்சிருக்கோம்ல?"

"உங்களுக்குச் செய்யத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"உருக்கணும், ஊத்தணும், ஆறவைக்கணும். இதுல என்ன வித்தை இருக்கு?"

துணி வண்டி தள்ளுகிறவர், சந்தர்ப்பம் கிடைத்தால் மந்திரி ஆகக்கூடிய மனுஷர், ஒரு யோசனை சொன்னார். "முதல் டப்பா, பெரிய டப்பா, புது சூப்பர்வைசருக்குப் போகணும். அக்காவைப் பத்தி அவர் மனசுல ஒரு நல்ல எண்ணம் விழட்டும்."

எல்லாருக்கும் அது அபார யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். டப்பா கட்டுவதற்கு ஓரத் துணியில் நாடா வெட்டித் தந்தது நான்.

எங்கள் எல்லாரிடமும் காசு வசூலித்துக் கட்டிச் சாக்லேட் வாங்கினார்கள். வீட்டில் செய்தால் பிள்ளைகள் தின்றுவிடும் என்று, அக்கா விடுப்பு எடுத்திருந்த, சூப்பர்வைசரும் மேல்மாடிக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாளில் சலவைக்கூடத்திலேயே வேலையை ஆரம்பித்தார்கள். அடுப்பு? நாங்கள் சலவைக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்த சூடு ஒன்றே ஒன்றுதான். சுருக்கம் போகவில்லையா, ஆவி காட்டு. கறை இளகவில்லையா, ஆவி காட்டு. மூக்கடைப்பா, அதற்கும் பிரஸ் பக்கத்தில் போய் நில். சாக்லேட்டும் இளக வேண்டிய பொருள்தானே? எஃகுப் பாத்திரத்தில் போட்டு, ஸ்டீம் குழாயை அதற்குள் திருப்பிவிட்டாள் இஸ்திரிக்காரம்மா.

முதலில் பளபளவென்று உருகியது. எல்லாரும் கை தட்டினோம். பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. கண்ணெதிரே அது மங்கி, தடித்து, ஈர மணல் போல ஆயிற்று. "இன்னும் கொஞ்சம் ஆவி காட்டு, இளகிடும்" என்றார் வண்டிக்காரர். காட்டினாள். மணல் சேறாயிற்று. அதை அச்சில் ஊற்ற முடியாமல் கரண்டியால் அப்பி, உள்ளங்கையால் அழுத்தி வைத்தார்கள். ஆறியபின் கூழாங்கல் மாதிரி வந்தது. ஜிகினாத் தாளில் சுற்றியதும் அழகாகத்தான் இருந்தது. ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்த வண்டிக்காரர், கொஞ்ச நேரம் மென்று, "வீட்டுல செஞ்சதுன்னா இப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். டப்பாக்கள் அக்கா பெயரில் மாடிகளுக்குப் போயின. பெரிய டப்பா சூப்பர்வைசர் மேசைக்குப் போனது.

மறுநாள் நான் மடிப்புப் பக்கத்தை ஒட்டிய சூப்பர்வைசர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய கண்ணாடித் தடுப்புக்கான திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அக்காவை வரச் சொல்லியிருந்தார். அக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து நின்றார். முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது; மாற்றம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. சூப்பர்வைசர் அந்த டப்பாவை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா?"

அக்கா டப்பாவைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

"விண்ணப்பம் போட்டவங்ககிட்ட வாங்கமாட்டேன்னு சொன்னேன். வந்தா ஓரமா வெச்சுடுவேன்னும் சொன்னேன். சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அடப்பாவிகளா, நல்லது செய்கிறோம் என்று அந்த மனுஷியின் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டோமே! எழுந்து சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கையை லேசாக அமர்த்தினார், பேசாதே என்கிற மாதிரி. பழியைத் தானே ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எல்லாரையும் காட்டிக்கொடுப்பதைவிட அது அவருக்குச் சுலபம்.

அக்கா டப்பாவைத் திறந்தார். ஒரு துண்டைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். மங்கலாக, திட்டுத் திட்டாக இருந்தது. ஓரத்தைக் கடித்தார். நறநற என்று சத்தம் எனக்கே கேட்டது. அந்த முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மாற்றம் போனால்கூடப் பொறுத்திருப்பார். இதைத் தன்னுடையது என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"இது நான் செஞ்சதில்லை சார்."

"உங்க பேரு இருக்கு."

"பேரு யார் வேணா போடலாம். இதுல ஆவி பட்டிருக்கு. நான் இப்படிச் செய்யமாட்டேன்."

"அப்ப யார் செஞ்சது?"

அக்கா கடித்த துண்டைத் தாளில் திரும்பச் சுற்றினார். வெளியே மெஷின் சுற்றி நின்றது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக்காரம்மாவும் வண்டிக்காரரும் வேலை செய்வதுபோல ஒரே விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாருன்னு கேட்டேன்."

"செஞ்சவங்களுக்குச் சாக்லேட் செய்யத் தெரியலை சார்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை, களைத்துப்போய்த்தான் வந்தது. "ஆனா என் கை எப்படி இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு நான் எழுதியே கொடுத்தேன். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்ககிட்ட வாயாலயும் கேட்டேன். ஒருத்தர்கூட கையைக் காட்டுன்னு கேட்டதில்லை சார்."

சூப்பர்வைசர் டப்பாவை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு, "காட்டுங்க" என்றார்.

அக்கா கையை நீட்டவில்லை. இத்தனை நாள் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவர், கேட்டதும் ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டார். மறுபடி கேட்ட பிறகுதான் மேசைமேல் வைத்தார். சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

"சரி. இது உங்ககிட்டயிருந்து வந்ததில்லை" என்றார் கடைசியில்.

"இல்லை சார்."

"அப்ப நான் சாப்பிடலாம்." ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நெற்றியில் கோடு விழுந்தது. விழுங்குவதற்கு வெகு நேரம் ஆயிற்று. "போங்க. வேலையைப் பாருங்க" என்றார்.

வெளியே வந்த அக்கா நேராக பிரஸ் பக்கம் போனார். இஸ்திரிக்காரம்மா விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சாக்லேட்ல போயி ஆவி காட்டுவாங்களா? அதென்ன காச்சல்காரன் மூக்கா?" என்று அக்கா கத்தினார். அவர் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை.

"தெரியலைக்கா. அடுத்த வருஷம் சொல்லிக்கொடுங்க, ஒழுங்கா செஞ்சுடறோம்."

"சொல்லிக்கொடுக்கமாட்டேன். செய்யவும் மாட்டேன். எனக்கு ஓய்ஞ்சுபோச்சு. என்னை விட்டுடுங்க" என்றவர், போகிற போக்கில் மேசையில் மிச்சமிருந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தண்ணிப் பக்கத்துக்குப் போனார். சாயங்காலம்வரை அங்கேயிருந்து நறநறவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

விடுமுறை முடிந்ததும் மாற்றம் வந்தது. மடிப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், பிரஸ்ஸிலிருந்து வந்த சூடான விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு அக்கா அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரும் எழுப்பவில்லை. அவர் பங்குத் துணியை ஆளுக்குக் கொஞ்சம் மடித்துவைத்தோம்.

ஆனால் அந்த ஈரம் காலியாக இருக்குமா? ஒருத்தர் நின்றாக வேண்டும். யாரையும் நிரந்தரமாகப் போடமாட்டேன், ஆளுக்கொரு நாள் முறை வைத்து நில்லுங்கள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தையல் குறைவான நாள் என்பதால் புதன்கிழமை என் தலையில் விழுந்தது. என் காலத்தில் எத்தனை துணியைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள் நனைத்துப் போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஊறிய விரிப்பின் கனம் எனக்கு அதுவரை தெரியாது. மதியத்துக்கே விரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. சாயங்காலம் சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றப் பார்த்தேன். பித்தான் கையில் பிடிபடவில்லை. வாழ்நாளெல்லாம் பித்தான் தைத்தவன் நான். விரல் எரிந்தது, மடங்க மறுத்தது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கிட்டே வந்து, குழந்தைக்குக் கழற்றுவதுபோல ஒவ்வொரு பித்தானாகக் கழற்றினாள். வருஷா வருஷம் நான் கொண்டுவந்து தரும் சாக்லேட்டை அவள்தான் முதலில் சாப்பிடுவாள்.

"ஒரு நாளைக்கே இப்படியா?" என்றாள். "அந்த அம்மா இந்தக் கையை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமும் நமக்குச் செஞ்சாங்க?"

 கையை அவள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.